சொளவு வெளியேறிய வீடு

குத்தாலம் சிகரெட்டை விட்ட அன்றைக்குச் செங்கோட்டை மலைமேல் கிடந்த மேகம் கொஞ்சம் கலைந்ததாக இலத்தூரில் ஒரு பேச்சு உண்டு. நான் இந்த மாதிரிக் கதைகளை நம்புகிற ஆள் இல்லை. கொஞ்சமில்லை, நன்றாகவே கலைந்தது. அவனுக்கு எதிர்வீட்டுக்காரன் நான், அன்று சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நானே பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் குற்றாலீஸ்வரன். அவ்வளவு நீளத்தைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவன் லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்பதால் ஊர் அவனைக் குத்தாலம் ஆக்கிக்கொண்டது. தென்காசியிலிருந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொட்டாரக்கரை என்று இறக்கிவிட்டு வருவான். பின்னால் மலை மாதிரி வைக்கோல், முன்னால் வாயில் நெருப்பு. எப்படித் தீப்பிடிக்காமல் போய் வந்தான் என்று கேட்டால், வைக்கோலுக்கு அவனைத் தெரியும் என்பான். அந்த வைக்கோலில் புகை ஊறிப்போய், அதைத் தின்று பழகிய புனலூர்ப் பசு ஒன்று, பக்கத்தில் யாராவது நின்று பீடி குடித்தால்தான் மடியை இளக்குமாம். பசுவுக்குச் சொந்தக்காரர் இந்தப் பழக்கம் இல்லாதவர். பாவம், பால் கறப்பதற்காகவே கற்றுக்கொண்டார்.

இதெல்லாம் கால் கறுப்பதற்கு முன்னால். முதலில் வலது கால் பெருவிரலில் ஒரு புள்ளி. ஏதோ ஆணி குத்தியது என்று எண்ணெய் போட்டான். புள்ளி பரவியது. இரவெல்லாம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் திருநெல்வேலியில் கொண்டுபோய் இரண்டு விரலை எடுத்தார்கள். தென்காசியில் அவனைப் பார்க்கிற டாக்டர் கிருபா, கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

"அண்ணாச்சி, பொகை உள்ள போகப் போக ரத்தக் கொழாய் சுருங்குது. இனி ஒண்ணு குடிச்சாலும் அடுத்தது விரல் இல்ல. முட்டிக்குக் கீழ எடுக்கணும். பாதி குடிச்சேன், யாரோ குடிச்சத மோந்தேன்னு எங்கிட்ட வந்து பேரம் பேசாதீங்க."

"பேரம் பேசல தாயி," என்றான் குத்தாலம். வெளியே வந்து, சட்டைப் பையில் இருந்த பாக்கெட்டைத் துணைக்குப் போயிருந்த என் கையில் கொடுத்தான். "அண்ணாச்சி, இத எங்கனயாவது போட்டுருங்க. எங்கன போட்டியன்னு மட்டும் சொல்லிராதிய."

விட்டுவிட்டான். அதில் பொய் இல்லை. லாரியும் அதோடு போயிற்று. அந்தக் காலால் பிரேக்கை மிதிக்க முடியாது. காலையில் எழுந்தால் போவதற்கு இடம் கிடையாது. டீக்கடை வாசலில் கூடுகிற கூட்டம் புகைக்காகக் கூடுகிற கூட்டம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இவன் போய் நின்றால் கையில் இருப்பதை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். மறைத்துக்கொண்டு எத்தனை நேரம் பேச முடியும். விரல் சுடும். "சரி மாப்ள, பாப்போம்" என்று ஒவ்வொருவராக நகர்வார்கள். கடைசியில் டீ மாஸ்டரும் இவனும் மட்டும் நிற்பார்கள். டீ மாஸ்டருக்கும் ஒரு தம் அடிக்கப் போக வேண்டியிருக்கும்.

புண் ஆறியதும் குற்றாலத்துக்குப் பஸ் ஏற ஆரம்பித்தான். அருவிக்கு அடியில் நின்றால் கை சட்டைப் பைக்குப் போகாது, அங்கே சட்டையே கிடையாது என்பது அவன் கணக்கு. ஆனால் அப்போது சித்திரை மாதம். மெயின் அருவியில் பாறை மட்டும்தான் இருந்தது. ஓரத்தில் குழாய் ஒழுகுவது போல் ஒரே ஒரு கோடு தண்ணீர். அதற்கு நேராகத் தலையைக் கொடுத்துக்கொண்டு மதியம் வரை நிற்பான். சீசனில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க இடம் கிடைக்காத அந்தப் பாறையில் அவனும் குரங்குகளும் மட்டும். ஒரு குரங்கு அவன்மேல் இரக்கப்பட்டு, யாரோ வெளியூர்க்காரர் பையிலிருந்து ஒரு சிகரெட்டை உருவிக்கொண்டு வந்து நீட்டியதாம்.

"வேண்டாம்னுட்டேன் அண்ணாச்சி."

"பொறவு அது என்ன செஞ்சுது?"

"பையில போட்டுக்கிட்டுப் போயிட்டு."

குரங்குக்குப் பை ஏது என்று நான் கேட்கவில்லை. அவன் இருந்த இருப்பில் கேட்கிற கேள்வியா அது.

விட்ட ஆளுக்கு முதலில் திரும்பி வந்தது நாக்கு. ஒருநாள் நான் அவன் வீட்டில் இருக்கும்போதுதான் சாப்பிட உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி முப்பிடாதி சோறு போட்டு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றினாள். ஒரு வாய் வைத்தவன் நிமிர்ந்தான்.

"ஏட்டி, கொழம்புல உப்பக் கொட்டிட்டியா?"

"எப்பவும் போடுத உப்புதான்."

"எப்பவும்னா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

"இதையா இத்தன வருசமா தின்னேன்?"

"தின்னிய. ஒருநாளும் ஒண்ணும் சொல்லல. நல்லாருக்குன்னுல்லா நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து உப்பைக் குறைத்துப் போட்டாள். அவளுக்கு அது சப்பென்றிருந்தது. தனக்கு மட்டும் தட்டில் ஒரு கல் உப்பை வைத்துக்கொண்டு தின்றாள்.

நாக்கோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். அடுத்தது மூக்கு வந்தது. அங்கேதான் அந்த வீட்டுக்குச் சனி பிடித்தது.

முப்பிடாதி பீடி சுற்றுகிறவள். எங்கள் பக்கத்தில் பெண்ணாகப் பிறந்தால் பல் முளைக்கும் முன்னால் பீடி சுற்றக் கற்றுவிடும் என்று சொன்னால் வெளியூரில் மிகை என்பார்கள். முப்பிடாதி அவள் அம்மா வயிற்றுக்குள்ளேயே ஒரு கட்டு சுற்றி வைத்துவிட்டு, அதைப் பீடிக்கடையில் போட்டுக் கூலி வாங்கத்தான் வெளியே வந்தாள். முன்னறையில் சன்னலுக்குக் கீழே கால் நீட்டி, மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் வீட்டில் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். சொளவில் ஒரு பக்கம் ஈரத்துணியில் சுற்றிய இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள். இலையை அளவுத் தகரத்தை வைத்துக் கத்தரிப்பாள், தூளைப் போடுவாள், உருட்டுவாள், நூலைக் கட்டி முனையை மடக்குவாள். வாய் பேசிக்கொண்டிருக்கும், கண் தெருவில் இருக்கும். லோடு இல்லாத நாளில் குத்தாலம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுப்பான். அவன் வாயில் சிகரெட், அவள் மடியில் பீடி. பார்க்கிறவனுக்குத்தான் இருமல் வரும். அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஊர்க்கதை சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருப்பார்கள். பிள்ளை கிடையாது. குறை சொன்னதும் கிடையாது.

இப்போது லாரி இல்லாததால் அந்தச் சொளவில்தான் அடுப்பு எரிந்தது. நிறுத்து என்று சொல்ல முடியாது. ஆனால் மூக்கு திரும்பி வந்தவனுக்கு அந்த வீட்டில் சுவர் மணந்தது, தலையணை மணந்தது, சோறு மணந்தது. எல்லாவற்றையும்விட அவள் மணந்தாள்.

வைகாசியில் ஒருநாள் முப்பிடாதி கடையில் பீடி போட்டுவிட்டு வந்தபோது, குத்தாலம் சொளவுக்கு முன்னால் முழங்காலிட்டு, இரண்டு கையிலும் தூளை அள்ளி முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். மீசையெல்லாம் தூள்.

"என்ன செய்யுதிய?"

"மோந்து பாத்தேன்."

"மோந்தா?"

"பத்த வைக்கல முப்பிடாதி. தீப்பெட்டி எங்கன இருக்குன்னுகூடப் பாக்கல."

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. தூள் காரமாகவும் இருக்கலாம். அவள் சொளவை எடுத்தாள், இலைக் கட்டை எடுத்தாள், கத்தரியையும் தகரத்தையும் நூலையும் எடுத்தாள். தெருக்கோடியில் நூர்நிஷா வீட்டில் நாலைந்து பெண்கள் சேர்ந்து பீடி சுற்றுவார்கள். அங்கே போய்விட்டாள்.

அன்றிலிருந்து விடிந்தால் போவாள். பொழுது சாய்ந்து வருவாள். வாசலிலிருந்தே பின்பக்கம் சுற்றிப் போய்க் குளித்து, சேலையை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பாள். ஆனால் சின்ன வயதிலிருந்து ஊறியது விரலில். எந்தச் சோப்புக்கு அது போகும். அவள் சோறு போடும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். அவளுக்கு அது தெரிந்தது. பிறகு சோற்றை மூடி வைத்துவிட்டு நகர்ந்துவிட ஆரம்பித்தாள். அவன் கட்டிலை வாசல் ஷெட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். காலைக் காப்பாற்றுகிறேன் என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு வீட்டு அளவுக்குத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

பகலில் அந்தச் சன்னலுக்குக் கீழே யாரும் இருக்கமாட்டார்கள். குத்தாலம் மாத்திரம் முன்னால் இலை வெட்ட உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்து, எதிரே இருக்கிற தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் போய்ப் பேச்சுக் கொடுப்பேன். கிராம்பை மென்றுகொண்டே கேட்பான். ஒரு வாரத்தில் அவன் மென்ற கிராம்பில் இரண்டு கல்யாணத்துக்குப் பிரியாணி போடலாம்.

"வேற ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்றான் ஒருநாள். "ஆரியங்காவு எறக்கத்துல ஒத்தையில வண்டி ஓட்டுவேம்லா, மழை பேஞ்சு ரோடே தெரியாது. அப்பகூட யாரோ பக்கத்துல இருக்காப்பல இருக்கும். இப்ப நம்ம வீட்டுக்குள்ள இருக்கேன். யாரும் இல்ல."

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மாவு சலித்த மாதிரி மேற்கிலிருந்து தூறும். அருவியில் தண்ணீர் வந்து, கூட்டம் வந்து, அவன் நின்ற இடத்தில் வரிசை நின்றது. அதையும் விட்டான். அப்போதுதான் உரக்கடைப் பரமசிவன், மாடசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்துவிட்டு வந்து நின்றான்.

எங்கள் வயல்வெளியில் பாறைக்குப் பக்கத்தில் மாடசாமிக்குப் பீடம் இருக்கிறது. ஆடியில் ஒரு வெள்ளி மதியம் கொடை. குத்தாலம்தான் மாடனுக்குச் சாமியாடி. அவனுக்கு முன்னால் அவன் அப்பா. இடுப்பில் மணி தொங்கும் சல்லடம் கட்டி, தலையில் குல்லா வைத்து, வல்லயம் என்கிற ஈட்டியைக் கையில் கொடுத்து, கடைசியில் சுருட்டைப் பற்ற வைத்து நீட்டுவார்கள். மாடன் சுருட்டுக்காரன். மூன்று இழுப்பு. மூன்றாவது இழுப்பில் மாடன் குத்தாலத்தின்மேல் இறங்கிவிடுவான். ஒரு வருஷமாவது இரண்டாவது இழுப்பில் வந்தது கிடையாது. மாடன் நேரம் தவறாதவன்.

பரமசிவனின் உரக்கடையில் மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேசினோம். பரமசிவன் கொடை நிர்வாகி, முறைக்குக் குத்தாலத்துக்கு மச்சான்.

"மச்சான், நீ ஒண்ணும் மலைக்காத. குடிக்கிறது நீ இல்ல, சாமி. சாமி குடிச்ச பொக ஒன் ஒடம்புல எப்படிச் சேரும்? போன கொடையில எத்தன பாட்டில் சாராயம் ஊத்துனோம். எறங்குனதும் நீ தெளிவா நிக்கலியா?"

"நின்னேன்."

"பொறவென்ன?"

நியாயமான கேள்வி. ஊரில் யாருக்கும் இதற்குப் பதில் தெரியாததால் மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். கிருபா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தான், சிரிக்கவில்லை.

"சாமி அவரு சொந்தக் கால்ல வந்து நின்னு குடிச்சா எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றாள். "இவரு கால்ல நின்னு குடிச்சா, நான் இவரு காலத்தான் எடுக்கணும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் பரமசிவன் மாற்று வழிகளாகச் சொல்லிக்கொண்டு வந்தான். "சாம்பிராணிய மூஞ்சிக்கு நேரா காட்டுவமா?"

"அது அம்மனுக்கு. மாடன் ஏமாறமாட்டான்," என்றேன் நான்.

"சிகரெட்ட விடுததுக்கு ஒரு சூயிங்கம் இருக்காம்லா. அத ஒண்ணு வாயில போட்டுக்கிட்டா?"

"மாடன் சூயிங்கம் மென்னுக்கிட்டு வல்லயத்தத் தூக்கிட்டு வருவானாவே? நாளைக்கு எவனாவது போன்ல படம் புடிச்சிப் போட்டா ஊரு மானம் என்னத்துக்கு ஆவும்?"

"அப்பம் ஒண்ணு செய்வோம். இந்த வருசம் என் தம்பி ஆடட்டும். ஒனக்கும் காலு சரியில்ல."

குத்தாலம் அதுவரை சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பினான். "நானே ஆடுதேன். சுருட்டக் கையில தா. வாய்கிட்ட கொண்டு போவேன். இழுக்க மாட்டேன்."

பற்ற வைத்த சுருட்டு வாய்க்குப் பக்கத்தில் வந்தால் என்ன நடக்கும் என்று பஸ்ஸில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். கண்டக்டருக்கே தெரிந்திருக்கும். ஆனால் வேறென்ன செய்வான். லாரி போயிற்று, டீக்கடைக் கூட்டம் போயிற்று, பெண்டாட்டி தெருக்கோடிக்குப் போய்விட்டாள். வருஷத்தில் அந்த ஒரு மதியம்தான் ஊர் அவனைச் சுற்றி நின்று, அவன் வாயிலிருந்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அதையும் பரமசிவன் தம்பிக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் அந்த வாசல் ஷெட்டுக் கட்டில்தான். காலா, மாடனா என்று வந்து நின்றது.

நான் நூர்நிஷா வீட்டுக்குப் போய் முப்பிடாதியிடம் சொன்னேன். வட்டமாக உட்கார்ந்து பெண்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி," என்றாள் நூர்நிஷா. "சும்மாதான இருக்கிய, ஒரு கட்டு சுத்தித் தாங்களேன்."

"நான் சுத்துனா உருளக்கெழங்கு போண்டாலா வரும்."

"பரவாயில்ல, எங்க வீட்டு மனுசருக்கு அதையும் கொளுத்திக் குடுக்கலாம். அவிய பாத்தா குடிக்கிறாவ?"

எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதி கையை நிறுத்தாமல் நான் சொன்னதைக் கேட்டாள்.

"அவிய எதுக்கு ஒத்துக்கிட்டாவளாம்?"

"வேற யாரும் கூப்பிடலியே தாயி. மாடன் ஒருத்தன்தான் கூப்பிடுதான்."

"நான் கூப்பிடத்தான செய்யுதேன். சாப்பிட வாங்கன்னு கூப்பிடுதேன். எட்டி நின்னு கூப்பிடுதேன். கூப்பிட்டுட்டு, மொகத்த அந்தால திருப்பிக்கிடுதேன், என் மூச்சு பட்டுறக்கூடாதுன்னு." ஒரு பீடியின் முனையை மடக்கி வைத்தாள். "பொகலைய வெளிய கொண்டு வாரேன்னுதான் அண்ணாச்சி வந்தேன். நான் வெளிய வந்ததுதான் மிச்சம்."

நூர்நிஷா முப்பிடாதியின் சொளவிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்துத் தன் சொளவில் போட்டுக்கொண்டாள். அவள் பங்கையும் சேர்த்து வெட்ட ஆரம்பித்தாள்.

கொடையன்று மதியம் நல்ல வெயில், நல்ல சாரல். நனைகிறோமா காய்கிறோமா என்று தெரியாத நேரம். பொங்கல் பானைகள் பொங்கி வடிந்து, புகை தரையோடு போய்க்கொண்டிருந்தது. வில்லுப்பாட்டுக்காரர் மாடன் கதையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இனி மேளத்தின் பாடு என்று சோடா குடித்தார். எனக்குத் திருநீற்றுக் கொப்பரையைக் கையில் கொடுத்து மாடன் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். வயதான ஆளுக்குக் கொடுக்கிற வேலை அது. கீழே போட்டால்கூட மண்ணோடு மண்ணாகப் போய்விடும்.

குத்தாலம் சல்லடம் கட்டி, முகத்தில் மஞ்சணை பூசி வந்து நின்றான். பரமசிவன் சுருட்டைப் பற்ற வைத்துக் கொடுத்தான். மேளம் ஏறியது. குத்தாலம் ஆடினான். நன்றாகத்தான் ஆடினான். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். முன்னெல்லாம் மாடன் வந்துவிட்டால் குத்தாலத்தின் பாதம் தரையில் படாது. ஒரு சாண் மேலேதான் நிற்கும். நான் குனிந்து அளந்து பார்த்திருக்கிறேன். இன்றைக்குப் பாதம் தரையில் இருந்தது. இருந்ததோடு இல்லை. வலது கால் வரும்போதெல்லாம், விரல் இல்லாத இடம் மண்ணில் படாமல், குதிகாலை ஊன்றி ஊன்றி எடுத்து வைத்தான். சாமிக்குக் கால் வலிக்குமா.

மாடன் வரவில்லை. அவ்வளவு மேளத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அவன் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கே அது தெரிந்தது. சுருட்டு அவன் கையில் கனன்றது. கை மெதுவாக மேலே போயிற்று. மூன்று இழுப்பு இழுத்தால் வந்துவிடுவான். உதட்டுக்கும் சுருட்டுக்கும் இடையில் ஒரு விரல் அகலம்.

பெண்கள் வரிசையிலிருந்து முப்பிடாதி உள்ளே வந்தாள். சாமி ஆடும்போது அந்த வட்டத்துக்குள் பொம்பிளை வருகிற வழக்கம் இல்லை.

"ஏட்டி முப்பிடாதி, பின்னால போ," என்று பரமசிவன் கத்தினான்.

அவள் நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள். மேளம் தானாக அடங்கிற்று.

"மாடா, ஒனக்கு என்ன வேணும்?"

"சுருட்டு," என்றான் குத்தாலம். மாடன் குரல்தான். வருஷா வருஷம் கேட்ட குரல்.

"கையிலதான வச்சிருக்க."

"வாய்க்கு வேணும்."

"தர மாட்டேன். அது எங்க வீட்டு வாயி."

கூட்டத்தில் சலசலப்பு. "என்ன இப்படிப் பேசுதா," என்றது ஒரு குரல்.

"எனக்கா எதுத்துச் சொல்லுத?"

"ஒனக்குத்தான் சொல்லுதேன். நீ ஒரு மத்தியானம் வந்து ஏறுவ. பொங்கலத் தின்னுட்டு எறங்கிப் போயிருவ. மத்த நாளெல்லாம் அந்தக் காலு என் வீட்டுக்குள்ள நடக்கணும். கோவம்னா என் கண்ணப் புடுங்கிக்கிடு. கால விட்டுரு."

சுருட்டைப் பிடித்த கை உதட்டை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியது. பிறகு அந்தக் குரல் வந்தது, முன்னைவிடத் தணிந்து.

"நான் ஒத்தையில கெடக்கேன். வெயில்லயும் கெடக்கேன், மழையிலயும் கெடக்கேன். ஒரு பய எட்டிப் பாக்கல. பக்கத்துல ஆளு இல்ல. எனக்குத் தொணை இந்தப் பொகதான். அதையும் வாங்கிட்டா நான் யாரு கூடப் பேசுவேன்?"

"அய்யோ சாமி," என்று பரமசிவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "தப்புதான். நாங்க ஒன்னக் கவனிக்காம விட்டுட்டோம். சுத்துச்சொவரு கட்டித் தாரோம். கரண்டு இழுத்து டியூப்லைட்டு போடுதோம். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஆளு வந்து நிப்பாவ."

ஊரே குற்றம் ஒப்புக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டது.

முப்பிடாதி மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். இலைக்கறை ஏறிய, நூல் அறுத்து அறுத்துத் தழும்பு விழுந்த கை. அன்றைக்கு அவள் சோப்புப் போட்டுக் கழுவவில்லை.

குத்தாலம் சுருட்டை என் கொப்பரையில் வைத்தான். அவள் கைகளைப் பிடித்தான். நாலு பேர் பார்க்க ஒருநாளும் அவளைத் தொட்டுப் பேசியிராதவன், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கைகளுக்குள் முகத்தை வைத்து ஆழமாக மூச்சு இழுத்தான். ஒன்று. இரண்டு. மூன்று. பெண்கள் குலவை போட்டார்கள். மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. கொப்பரையோடு பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"மாடன் வரல, என்னா?" என்றாள் முப்பிடாதி.

அவன் கைக்குள்ளேயே தலையை அசைத்தான்.

"காலு வலிக்கா?"

"வலிக்கு."

"ஆடுங்க. எல்லாரும் பாக்காவ. நான் இங்கனதான் நிக்கேன்."

அவன் நிமிர்ந்து வல்லயத்தை எடுத்துக்கொண்டான். வலது குதிகாலை ஊன்றி ஊன்றி, கடைசிவரை ஆடினான். சுருட்டை நான் எடுத்துப் பீடத்தில் வைத்தேன். அந்தச் சாரலில் அணையாமல், யாரோ இழுத்து இழுத்து விடுவதுபோல் கனன்று கனன்று அடிவரை எரிந்தது. சாம்பலைத் தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. மாடன் வந்திருக்கிறான், குத்தாலத்தின்மேல் ஏறவில்லை, டாக்டர் சொன்னபடி சொந்தக் காலில் நின்று குடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்பது என் முடிவு.

இந்த மாதிரி ஒரு கொடையே நடந்ததில்லை என்று ஊர் சொல்லிற்று. டியூப்லைட்டும் போட்டார்கள். சாமி இறங்கின பிறகு ஆடினவனுக்கு ஒன்றும் நினைவு இருக்காது என்பது வழக்கம். அதனால் குத்தாலத்திடம் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முப்பிடாதியும் எதையும் சொன்னதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் சொளவு வழக்கம்போல் நூர்நிஷா வீட்டுக்குப் போயிற்று. அதை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவருகிற தைரியம் இரண்டு பேருக்கும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குத்தாலம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனான். நூர்நிஷா வீட்டுக்கு மேற்கே நாலு வீடு தள்ளி, காலி மனையில் போட்டு உட்கார்ந்தான். ஆடி மாதம் காற்று மேற்கிலிருந்து ஒரே சீராக அடிக்கும். புகையிலை வாசனை அத்தனையும் கிழக்கே போய்விடும். இவன் பக்கம் வராது. அங்கிருந்துகொண்டு அவன் கத்திப் பேசுவான். சன்னலுக்குள்ளிருந்து அவள் காற்றை எதிர்த்துக் கத்திப் பதில் சொல்லுவாள். பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுக்க வேண்டிய பேச்சையெல்லாம் செங்கோட்டை வரை கேட்கிற மாதிரி பேசினார்கள். முட்டுவலிக்கு என்ன தைலம் போட்டாள், அவன் ராத்திரி தூங்கினானா இல்லையா எல்லாம் எங்களுக்குத் தெரியும். தெருவில் ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் குளித்துவிட்டு வீட்டுக்குள் போவாள். அவன் வாசல் ஷெட்டில் படுப்பான்.

ஐப்பசி வந்தால் வாடை திரும்பிவிடும், காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது நாற்காலி நூர்நிஷா வீட்டுக்குக் கிழக்கே போக வேண்டும். கிழக்கே குளம். முந்தாநாள் அந்த வழியாக வந்தேன். குத்தாலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒற்றை ஆளாகக் கரைச் சேற்றில் கல்லைப் புரட்டிப் புரட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடே செய்யுத?"

"நாக்காலி நிக்க எடம் வேணும்லா."

"இன்னும் நாள் கெடக்கே. அதுக்குள்ள என்ன அவசரம்?"

கல்லை ஒரு அசைப்பு அசைத்துப் பார்த்தான். ஆடியது. கீழே சேற்றை அள்ளி முட்டுக் கொடுத்தான்.

"காத்து எப்பத் திரும்பும்னு தெரியாதுல்லா அண்ணாச்சி," என்றான்.